காஞ்சிபுரம் போகும் வழியில் ஓர் அத்தர்க் கொட்டகை

ஷரீஃபுன்னிசா அத்தர் தொழிலுக்கு வந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஊதுவத்திக்கும் சோப்புக்கும் வாசனை கலந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி ஊரைவிட்டுப் போனபோது அவள் கூடப் போகவில்லை. பூந்தமல்லியில் கணவர் உஸ்மான் கனியின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே அவர் அத்தர் காய்ச்சுவார், கடைவீதியில் வைத்து விற்பார். அந்தக் கொட்டகையை இவள் எடுத்துக்கொண்டாள்.

வேலை பார்க்க எளிதாகத்தான் தெரியும். செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, வாயை மண் பூசி அடைத்து, அடியில் விறகு மூட்ட வேண்டும். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்து கிடக்கும் குடுவைக்குப் போய்ச் சேரும். குடுவையில் ஊற்றி வைத்த சந்தன எண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தீ கொஞ்சம் ஏறினாலும் பூ கருகிவிடும். தொட்டித் தண்ணீர் சூடானால் மணம் வெளியே ஓடிவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கிற வேலை.

கடைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இவள் காய்ச்சியதையும் தொழிற்சாலைப் புட்டியையும் ஒன்றாக வைத்துப் பேரம் பேசுவார்கள். கண்ணால் பார்த்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்று அவளுக்குத் தோன்றியது. பூந்தமல்லி என்பது பூவிருந்தவல்லி என்றே பெயர் வைத்துக்கொண்ட ஊர். அதன் வழியாகத்தான் சுற்றுலா வண்டிகளெல்லாம் காஞ்சிபுரம் போகின்றன. ஒன்றாவது நிற்கக் கூடாதா?

உஸ்மான் கனிக்கு அது பிடிக்கவில்லை. தொழில் நுணுக்கத்தை யாராவது ஊருக்குத் திறந்து காட்டுவார்களா என்று கேட்டார்.

"பாத்துட்டுப் போறவன் ஊட்ல போயி அண்டா வெக்கப் போறானா? வெல கேக்கச் சொல்லோ அவன் கண்ணுல இந்தக் கொட்டாய் நிக்கணுங்க. அது போதும்" என்றாள்.

வானகரத்தில் சுற்றுலா வேன் ஓட்டும் ஜெகதீசன் அவர்கள் கடையின் வாடிக்கைக்காரர். அவர் மூலமாக நிர்மல் என்பவரின் டிராவல்ஸில் பேசி, ஒரு மணி நேரம் வண்டி நிற்க ஏற்பாடாயிற்று. முதல் கூட்டம் வந்தது. அண்டாவைச் சுற்றி நின்றார்கள். புகையில் கண்ணைக் கசக்கினார்கள். எப்போது அத்தர் வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது வருவதற்குள் அவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூடிய சட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று அவர்களில் ஒருவர் இணையத்தில் எழுதினார்.

நிர்மல் போனில் ஒரு வழி சொன்னார். ஏற்கெனவே காய்ச்சிய அத்தரைக் குடுவையில் ஊற்றி வைத்துவிட வேண்டியது. அரை மணியில் திறந்து, இதோ வந்துவிட்டது என்று காட்ட வேண்டியது. உஸ்மான் கனிக்குக்கூட அதில் தப்புத் தெரியவில்லை. அதுவும் நம் கொட்டகையில் காய்ச்சியதுதானே என்றார்.

"நெசத்தக் காட்டத்தான் கூப்புட்றோம். அதுலயே பொய் சொல்லணும்னா வாணாம். யாரும் வர வாணாம்" என்றாள் ஷரீஃபுன்னிசா. குரல் உயரவில்லை.

வண்டி நிற்பது நின்றுபோனது. அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு ஆத்திரமும் யோசனையுமாகவே கழிந்தது. காய்ச்சும் நேரத்தைக் குறைக்க முடியாது. வருகிறவர்களை நாள் முழுக்க உட்கார வைக்கவும் முடியாது. எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இரண்டிலேயே வந்து முட்டிக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் இருந்தாள். வெளியே வண்டிகள் நெரிசலில் நகராமல் நின்றன. அதில் ஜெகதீசனின் வேனும் இருந்தது. காலையில் மேற்கே போனபோது அவளுக்குக் கை காட்டிவிட்டுப் போன அதே வேன். இப்போது உள்ளே எல்லாரும் பட்டுப்புடவைப் பைகளோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கடையை விட்டு இறங்கி, வண்டிகளுக்கு நடுவே புகுந்து, டிரைவர் ஜன்னலைத் தட்டினாள்.

"ஜெகதீசண்ணே, காலீல போற வண்டி திரும்ப இந்த வழியாத்தானே வருது?"

"வேற எப்டிக்கா வரும்?"

"அப்போ காலீல எறக்கி வுடு. அவங்க கையாலயே பூவக் கொட்டி, வாயி அடைக்கட்டும். கோயில் கொளம்லாம் பாத்துட்டு வரட்டும். வந்து அவங்களே தொறக்கட்டும்."

திரும்பும்போது எல்லாரும் அசந்துபோய் இருப்பார்கள், இறங்க மாட்டார்கள் என்றார் ஜெகதீசன்.

"தன் கையால அடைச்சத தொறந்து பாக்காம எவனும் போவ மாட்டான்" என்றாள்.

நிர்மல் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று சம்மதித்தார். அன்று விடியுமுன்பே கோயம்பேட்டிலிருந்து பன்னீர் ரோஜா கூடை கூடையாக வந்து இறங்கியது. வந்தவர்கள் காம்பு கிள்ளினார்கள், இதழை அண்டாவில் கொட்டினார்கள். மண் குழைக்க முதலில் தயங்கிய கோயம்புத்தூர் அம்மாள் ஒருத்தி, ஹேமாவதி என்று பெயர், கடைசியில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அண்டா வாயை முழுக்கத் தானே பூசினாள். வண்டி போனது.

நண்பகலில் அந்தப் பூச்சில் வெடிப்பு விட்டு ஆவி சீறியது. ஷரீஃபுன்னிசா ஈர மண்ணை அள்ளி அப்பினாள். கை வெந்தது. மறுபடி அப்பினாள். உஸ்மான் கனி ஓடிவந்து, அவள் கேட்காமலே தொட்டித் தண்ணீரை மாற்றத் தொடங்கினார். அன்று அவர் கடை திறக்கவில்லை.

வேன் தாமதமாக, பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகுதான் வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். நடுவில் பூச்சு வெடித்ததையும், தான் ஒட்டுப் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். குடுவையை ஹேமாவதியிடம் கொடுத்தாள். அவள் மூடியை எடுத்து முகர்ந்தாள். பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினாள். குடுவை ஒரு சுற்று வந்தது. இது முதல் நாள் மணம்தான், இன்னும் பல நாள் புதுப் பூ போட்டுக் காய்ச்சினால்தான் அத்தராகும் என்று ஷரீஃபுன்னிசா சொல்ல, தமிழ் தெரியாதவர்களுக்கு ஜெகதீசன் எடுத்துச் சொன்னார். முன்பே முழுதாகக் காய்ச்சி வைத்திருந்த அத்தரையும் ஒரு சொட்டு எல்லார் மணிக்கட்டிலும் தடவினாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்போது சனி, ஞாயிறுகளில் வண்டிகள் நிற்கின்றன. கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் அண்டாவோடு அங்கேயே வந்துவிடச் சொல்லிக் கேட்டது. வேண்டுமானால் உங்கள் ஆட்களைப் பூந்தமல்லிக்கு அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று உஸ்மான் கனியைக் கேட்டாள். அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். வண்டி வந்ததும், வந்தவர்களுக்கு அண்டாவைக் காட்டி விளக்கும் அவர் குரல் அவள் படுத்திருந்த இடத்துக்குக் கேட்டது. முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு தங்குதடையில்லாமல். ஜெகதீசன் மூன்று தடவை ஹாரன் அடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.