நந்தி என்று நாம் அழைத்தவர்

கருணாகரன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைப் பார்த்தேன், பைக்குள் போட்டேன், மீனைத் துண்டு போட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். வருத்தம் வரவில்லை. அதற்குள் நம் பழைய அலுவலகக் குழுவில் “தங்கமான மனிதர்” என்று ஒருவர்பின் ஒருவராக எழுதத் தொடங்கியிருந்தீர்கள். உங்களில் பாதிப் பேரை அவர் அழவைத்திருக்கிறார். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் வேலை பார்த்தது ஒரு நிதியத்தில். நீரிணையின் இரு கரைகளிலும் இருக்கும் உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அதற்குப் பணம் கொடுப்போம். இங்குள்ள நகர மன்றம் மட்டும் கேட்டால் கிடைக்காது. அக்கரையில் ஜோகூர்ப் பக்கத்து நகராட்சியோ பாத்தாம் தீவு நிர்வாகமோ சேர்ந்து கேட்க வேண்டும். விண்ணப்பங்களைத் தயார் செய்வது நான், சரிபார்ப்பது அவர். சரிபார்ப்பது என்றால் திருப்பி அனுப்புவது என்று அவர் அகராதியில் பொருள். கருணாகரன் என்று பெயர் வைத்தவர்கள் ஆள் வளர்கிறவரை பொறுத்திருந்திருக்கலாம்.

ஒருமுறை பாத்தாம் தீவிலிருந்து ஓர் அதிகாரி ஃபெர்ரி ஏறி விண்ணப்பத்தோடு வந்தார். முத்திரை மங்கலாக இருக்கிறது என்று அவரை அடுத்த ஃபெர்ரியிலேயே திருப்பி அனுப்பினார் கருணாகரன். ஒரு வாய் தேநீர்கூடத் தரவில்லை. நான் சண்டைக்குப் போனேன். தலையைத் தூக்காமலேயே பதில் வந்தது: “ரெண்டு கரைக்கும் காசுன்னா, ரெண்டு கரையும் தெளிவா கேக்கணும்.” அந்தக் குரல் இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

நந்தி என்ற பட்டப்பெயரை வைத்தது நான்தான். சாமியைப் பார்க்கவிடாமல் குறுக்கே படுத்திருப்பது நந்தி. மலாயிலும் அந்த ஒலியில் ஒரு சொல் உண்டு. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பொருள். இரண்டும் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தன. அதை ஊர் முழுக்கப் பரப்பியது நீங்கள்.

பெயர் வைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அக்கரையில், ஜோகூர்ப் பக்கம், ஓர் ஆற்று முகத்துவாரத்தில் ஒஸ்மான் என்ற மீனவர் இருக்கிறார். இரு கரைகளின் சாக்கடைக் குப்பையும் அலையோடு வந்து அவர் படகுத்துறையில்தான் அடையும். மோட்டாரில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டால் அன்று கடலுக்குப் போக முடியாது. இரு கரைகளும் சேர்ந்து மிதவை வேலி போட்டு, குப்பையை அள்ளுவதாகத் திட்டம். மழைக்கு முன்னால் வந்துவிடும் என்று ஒஸ்மானுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பரிசீலனைக் குழுவின் கூட்டத்தில், அந்த ஆண்டு விண்ணப்பங்களுக்கான கடைசி நாளில், நகராட்சியோடு நடந்த கூட்டத்தைப் பற்றி நான் எழுதிய குறிப்பைக் கருணாகரன் தூக்கிக் காட்டினார்.

“நகராட்சி சார்பா ரஹிம் ‘போலே, நந்தி’ன்னாரு. இங்க நந்தி இல்லையே.”

‘ஆகும், அப்புறம்’ என்று அதற்குப் பொருள். ‘ஆகும்’ மட்டும்தான் என் குறிப்பில் இருந்தது. ஒரு சொல்லுக்காக விண்ணப்பம் திரும்பியது. இரு கரைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டன, திட்டம் செத்தது. அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் உங்கள் முன்னால் கொதித்தேன். அக்கரைக்குப் போய், எங்கள் கருணாகரன்தான் கெடுத்தார் என்று ஒஸ்மானிடமும் சொன்னேன்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த முகத்துவாரம் நகராட்சியின் பொறுப்பில் இல்லை. மாநில அலுவலகத்தைக் கேட்காமல் ரஹிம் சம்மதிக்க முடியாது. அதற்குத்தான் அந்த ‘அப்புறம்’. சுவா சூ காங்கில் மலாய்க்காரர்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அது விளங்காமல் இல்லை. நாள் போய்விடுமே என்று நானே அந்தச் சொல்லை விட்டேன். அன்று பரிசீலனைக் குழுவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் கருணாகரன் சொன்னார்: “ஏர்கான் சத்தத்துல கேட்டிருக்காது லா.” ரஹிமோடு கூட்டம் நடந்த அன்று அந்த அறையில் ஏர்கான் பழுது. கோப்பு ஒன்றை விசிறியாக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

அவருடைய பணி ஓய்வு விருந்தில் உங்களில் யாரோ முகத்துக்கு நேராகவே நந்தி என்றார். கருணாகரன் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவுமிடத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அந்த மீனவர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் சார்.”

நான் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றே என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் இத்தனை வருடம் சுமக்கவிட்ட அந்த மனிதரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. எனக்காக அவர் சொன்ன ஒரே பொய்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.

மோட்டார் நிற்கிறபோதெல்லாம் ஒஸ்மான் இன்றும் கருணாகரன் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார். சனிக்கிழமை அக்கரைக்குப் போகிறேன், என் பெயரைச் சொல்லிவிட்டு வர.