தேயிலைக்குள் நான் காவல் இருந்தது

ஒரு மனிதன் செத்துவிடுவானோ என்று பயந்து, அதை அவனிடமே கேட்காமல், பதினோரு நாள் அவன் பின்னால் புதர் புதராக ஒளிந்து திரிந்த முட்டாள் நான். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான்.

அந்த மனிதன் என் தங்கையின் புருஷன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கூலி வரிசை வீடுகளில், லயம் என்போம், எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எப்போதாவது வரும், போகும். அந்த வருஷம் அடிக்கடி வந்தது. ஒருநாள் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தியோடு விழுந்தான். கங்காணி கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, பெண்களோடு கொழுந்து கிள்ள அனுப்பிவிட்டார். லயத்தில் யாரும் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கு அதுதான் பெரிய கஷ்டம். எல்லாரும் மடியில் ஒரு சாவியோடு அவனைச் சுற்றி வந்தார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வைத்தியம். வலிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கொடுக்கிறவனுக்குத்தான் ஏதோ செய்த திருப்தி.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சொன்னான்: "நான் போயிட்டா ஒந் தங்கச்சியாவது நிம்மதியா இருப்பா, மச்சான்."

லயத்தில் கல்யாணமோ கருமாதியோ, ஆட்களைச் சிரிக்க வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாய் சும்மா இருக்குமா? "போறதுன்னா வெள்ளிக்கிழமை போ மாப்ளே, அன்னைக்கித்தான் டவுனுக்குப் போற லாரியில எடம் இருக்கும்."

சிரித்தான். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கேட்டிருக்கலாம். நடுவில் ஒரு சுவர்தான். கேட்டால் அந்த யோசனையை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அதற்குப் பதிலாகக் காவலில் இறங்கினேன். அவன் குழாயடிக்குப் போனால் எனக்கும் தாகம். அவன் காட்டுப்பக்கம் ஒதுங்கினால் எனக்கும் வயிறு கலக்கும். பாவம், என் வயிற்றுக்கு என்னவோ என்று ஓமம் வாங்கிக் கொடுத்தான்.

பதினோராம் நாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது. அவன் தனியாக ஓடைப்பக்கம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தான். நான் பத்தடி தள்ளித் தேயிலைக்குள் குந்தினேன். மழைக்குப் பிறகு அங்கே குந்துகிறவனை அட்டை சும்மா விடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. முழங்கால் வரை பொறுத்தேன். சொல்ல முடியாத இடத்தில் ஒன்று கடித்தபோது, கத்திக்கொண்டே வெளியே குதித்து, சகதியில் வழுக்கி, மல்லாந்து விழுந்து கை காலை உதறினேன்.

அவன் ஓடி வந்தான். "ஐயோ, மச்சானுக்கும் வந்துருச்சே!" தன் இடுப்பிலிருந்த சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"விடு மாப்ளே, அட்டை!"

"பேசாத மச்சான், அடங்கிரும். நான் இருக்கேன்ல."

அட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விட்டான். "இங்க ஒளிஞ்சிக்கிட்டு என்ன பண்ற?" என்றான்.

வேட்டிகூடச் சரியாக இல்லாத நிலையில் பொய் எங்கே வரும்? கேட்டேவிட்டேன். "சாகணும்னு நெனக்கியா மாப்ளே?"

என் கையிலிருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். "ஆமா. தெனமும்."

அப்புறம் எல்லாம் வந்தது. கொழுந்துக் கூடை, கடிபட்ட நாக்கு, அவன் கண் விழிக்கும்வரை தூங்காமல் உட்கார்ந்திருக்கும் என் தங்கை, தின்றால் நாளெல்லாம் மந்தமாக இருக்கிறதென்று நிறுத்திவிட்ட மாத்திரை. என் வாயில் நாலு தமாஷ் வந்து நின்றது. விழுங்கினேன்.

அன்றே தங்கையிடம் சொன்னோம். மறுநாள் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நினைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. அதனால் ஞாயிறுதோறும் அவனோடு நடக்கப் போய், "இன்னைக்கி எப்படி?" என்று நேராகவே கேட்பேன். சில ஞாயிறு "இருக்கு" என்பான். சில ஞாயிறு "இல்ல."

தொடர்ந்து மூன்றாவது ஞாயிறும் "இல்ல" என்றபோது, சந்தோஷம் தாங்காமல் என் சரக்கிலேயே உசத்தியான கதையை எடுத்துவிட்டேன். அவன் முகத்தில் ஒரு அசைவில்லை.

"ஒங் கதைக்கு நான் ஒருநாளும் சிரிச்சதில்ல மச்சான்," என்றான். "பொண்ணு குடுத்த வீடாச்சேன்னுதான் பல்லக் காட்டுனேன்."