மூக்கனுக்குக் கிடைத்த ஐந்து புள்ளி

முப்பத்தொரு வருட ஆசிரியத் தொழிலில், திருத்திய விடைத்தாளை நான் மறுபடி திருத்தியது ஒரே ஒரு முறைதான். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

'மலைநாட்டைத் தேயிலை நாடாக்கியவர் யார்? இரு வேறு கருத்துகளைத் தருக.' பத்துப் புள்ளிக் கேள்வி. வெள்ளைக்காரத் துரைமார் என்று எழுதியதற்கு மாணவி செல்லம்மாவுக்கு ஐந்து போட்டேன். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர் தன் தாத்தா என்று எழுதியதற்குப் பூச்சியம். மொத்தம் முப்பத்தாறு. வகுப்பேற நாற்பது வேண்டும்.

மறுநாள் அவளுடைய அம்மா நமுனுகுலத் தோட்டத்திலிருந்து விடைத்தாளோடு வந்துவிட்டார்.

"அரைநாள் பேரை, கூலிய விட்டுட்டு வந்திருக்கேன், சார். தொர சொன்னா கருத்து, எங்கப்பா சொன்னா கதைங்களா?"

"அது புத்தகத்திலை இல்லையே, அம்மா."

"புத்தகம் எழுதுனவரு காடு வெட்டுனாருங்களா?"

இரு கருத்துகளைக் கேட்டுவிட்டு, இரண்டையும் ஒரே புத்தகத்தில் தேடியவன் நான். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயத்தோடே பூச்சியத்தை அடித்தேன். தாத்தாவின் பெயரை எழுதாததற்கு ஒன்றைக் கழித்து, நாலு போட்டுக் கொடுத்தேன்.

"நாற்பது. பிள்ளை பாஸ். தாத்தாவின்ரை பேர் இல்லை, அதுக்கு ஒண்டு குறைச்சிட்டன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து தாளை நீட்டினார்.

"அவரு பேரு மூக்கன், சார்."

அந்தப் பெயரை ஓரத்தில் எழுதி, நாலை ஐந்தாக்கினேன். வாழ்நாளில் நான் போட்ட புள்ளிகளில், இன்றும் பெருமையோடு எண்ணிப் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.