மிளகாய் காயும் நாளில் மழைப்பாட்டு

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து, செத்துப்போன கொழுந்தனார் விட்டுச்சென்றது இரண்டு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் பாட்டு என்றால் திருச்சுழிப் பக்கம் என்னை மிஞ்ச அன்றைக்கு ஆள் கிடையாது.

ஆட்சி மாறிய மறுவருசம் என்று நினைவு. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நம் சீமைப் பாட்டுகளுக்கென்றே விழா எடுத்தார்கள். மதுரைக் காலேஜ் வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் பேசுவார். பேசி முடித்ததும் அதைப் பாடுகிறவர்களே மேடையேறிப் பாட வேண்டும். எங்களிடம் அவர் கேட்டது மழைப்பாட்டு.

மழை பொய்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, காய்ந்த கண்மாய்க்குள் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாடுவோம். கடைசி அடியில் மழையை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிட்டால் அது வந்தே தீரும் என்பது ஊர் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுதான்.

வாத்தியார் வந்து கேட்டது புரட்டாசியில். வானம் பார்த்துக் கிடந்த நேரம், சரியென்றேன். விழாவோ தள்ளித் தள்ளி மாசிக்குப் போய்விட்டது. மாசியில் எங்கள் பொதுக்களம் முழுக்க மிளகாய் காயும். ஒரு மழையில் நனைந்தால் வத்தல் வெளுத்துவிடும். ஊரின் வருசப் பாடே போய்விடும். சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்று வீம்பாகப் பஸ் ஏறினேன். என்னோடு ஐந்து பெண்கள்.

மைதானத்தில் எங்கள் முறை வரும்போது மூன்று மணி இருக்கும். காலையில் இல்லாத மேகம் பாலவனத்தம் பக்கம் எழுந்து நின்றது. கூட வந்திருந்த மூத்த ஓரகத்தி என் இடுப்பைக் கிள்ளினாள்.

"ஏத்தா, மானத்தப் பாத்தியா? களத்துல கெடக்குறது உன் மொளகா மட்டுமில்ல. நனைஞ்சுச்சுன்னா ஊருக்குள்ள கால் வைக்க முடியாது, சொல்லிட்டேன்."

"பேசாம இருங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தப் பாத்துக்கிருவ? மைக்கக் கண்டா உனக்குப் புருசன் பேரே மறந்துபோகும்."

வாத்தியார் பேச்சை முடித்தார். "இந்தப் பாட்டின் கடைசி அழைப்பைக் கேட்கத்தான் நான் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன்" என்றார். கூட்டம் கை தட்டியது.

நான் முதல் அடி எடுத்ததும் மைதானம் அடங்கியது. தொண்டை அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்கு இணங்கியதில்லை. அடிக்கு அடி குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசி அடிக்கு மூச்சை இழுத்தேன். வெயில் மறைந்து மேடை இருண்டது. பின்னால் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் நிறுத்தினேன்.

"மறந்துபோச்சா தாயி?" வாத்தியார் மைக்கிலேயே கேட்டுவிட்டார். முன்வரிசை சிரித்தது.

பாட்டை மறந்தவள் என்று அதுவரை என்னை எவரும் சொன்னதில்லை. அந்த அடி நாக்கு நுனியில் நின்று துடித்தது. பாடிவிட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

"மறக்கலய்யா. களத்துல மொளகா காயுது. மூட்டை கட்டுன பெறகு எங்க ஊருக்கு வாங்க, முழுசாப் பாடுறேன்."

சிரிப்பு பெரிதானது. பின்வரிசையில் இருந்த வெள்ளாமைச் சம்சாரிகள் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து, "அந்தம்மா சொல்றது சரிதான்யா. எங்க களத்துலயும் கெடக்கு. விடுங்க!" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தபடி வந்தோம். மேகம் கூடவே வந்தது. இறங்கியதும் நாலு சொட்டு விழுந்தது. களத்துக்கு ஓடி மிளகாயைக் குவித்துச் சாக்கும் பாயுமாகப் போர்த்தினோம். அதற்குள் மேகம் கலைந்துவிட்டது.

ஓரகத்தி மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். "முக்காப் பாட்டுக்கே நாலு சொட்டுடி!"

வாத்தியார் பிறகு வரவே இல்லை. மறந்துபோனவள் என்றே என்னை எங்காவது எழுதி வைத்திருப்பாரோ என்னவோ. அந்த உறுத்தலில்தான் பாட்டையும் இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கடைசி அடிக்கு இடம் விட்டு. இப்போதும் மாசிதான்.

பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "ஏத்தா, முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. என்னை அறியாம அந்த அடி உள்ள வந்திருந்தா மட்டும் வாய விட்டு வாசிச்சுறாத. களத்துல உங்கப்பன் மொளகா கெடக்கு."