மணிக்கூட்டை நம்பி இறங்கினேன்

போன மாதம் தோக்கியோவில் ஸ்டேஷன் பெயர் ஒன்றையும் வாசிக்கத் தெரியவில்லை. ஹோட்டலில் எழுதித் தந்த நேரத்துக்கு, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் இறங்கினேன். பத்து நாளும் கணக்குப் பிழைக்கவில்லை.

இன்று காலை லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ரெயின் ஏறினேன். ஆஸ்பத்திரியில் என் மார்புக் கட்டியின் ரிசல்ட் சொல்லும் நாள். ஒன்பதரைக்கு இறங்க வேண்டும். ரெயின் வழியில் கொஞ்ச நேரம் நின்றது. ஒன்பதரை ஆனதும் நான் எழுந்துவிட்டேன்.

எதிரே இருந்த, எங்கள் தெருக் கடைக்கார அண்ணை கேட்டார்: “என்ன ரீச்சர், இங்கையோ இறங்கிறியள்?”

“ஓம்.”

கதவு மூடிய பிறகுதான் பெயரை வாசித்தேன். இன்னும் மூன்று ஸ்டேஷன் இருந்தது.

அடுத்த ரெயின் பிந்தி வந்தது; போய்ச் சேர்ந்தபோது டொக்டர் இல்லை. அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள்.

ஒரு வாரம் தெரியாமல் இருப்பது அவ்வளவு மோசமாகப் படவில்லை.

இந்த ஈமெயில் குழுவில் டொக்டர்மார் ஆறு பேர் இருக்கிறீர்கள். திட்டுவதென்றால் ஒருவர் போதும்.