பொம்மைக் கவுனுக்குக் கை இல்லை

இன்று ஏரல் பேருந்தில் மகளின் பொம்மைக்குக் குரோஷா ஊசியால் கவுன் பின்னிக்கொண்டு வந்தேன். பின்னும் முறையை இணையத்தில் விலைக்கு வாங்கியிருந்தேன். மாலையில் பொம்மைக்குப் பிறந்தநாள். மகள் தெருவையே அழைத்துவிட்டாள்.

பக்கத்து இருக்கை அண்ணாச்சி செய்துங்கநல்லூர் வரை பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "கை எங்கன வே?"

பார்த்தேன். கழுத்து இருந்தது, கை நுழைய வழியே இல்லை. வாங்கிய முறையில் ஒரு வரியைத் தாண்டிப் பின்னியிருக்கிறேன். மாலையில் பொம்மைக்குப் பிறந்தநாள் என்று அவரிடம் சொன்னேன்.

"கையை உள்ள வச்சிக்கிட்டு பிள்ளை எப்படி வே கேக்கு வெட்டும்? பிரியும், பிரியும்!"

நான் பிரித்தேன், அவர் நூலைச் சுற்றினார். அவர் சத்தமாக எண்ண எண்ண, மறுபடி பின்னினேன். இரண்டு கையும் வந்தபோது ஏரலும் வந்துவிட்டது.

"அட, நான் முன்னாலயே ஸ்ரீவைகுண்டத்துல எறங்கியிருக்கணும்லா!"

என்னால் வந்த வினை என்பதால் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கவுனைப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்து, "கழுத்துதான் லேசா பிடிக்கு" என்றார்.

இப்போது மூன்றாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டு முடித்துவிட்டார். மகள் அவரைப் பெரியப்பா என்கிறாள். மனைவி அடுக்களையில் நின்று, "யாரு இது?" என்று சைகையில் கேட்கிறாள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவரிடம் "உங்க பேரு என்ன?" என்று எப்படிக் கேட்பது? சீக்கிரம் சொல்லுங்கள், அவர் கை கழுவப் போயிருக்கிறார்.