கைமாறும் ஐ.சி.யூ. பாஸ்

போன வாரம் நடந்தது, வரிசையாக:

1. ஆவடி ரோட்டில் என் மாமாவின் பைக் ஒரு லாரியில் உரசியது. தலையில் அடி. ஐ.சி.யூ., வென்டிலேட்டர்.
2. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சு விட்டோம்.
3. பிறகு காய்ச்சல். நெஞ்சில் சளி. அதை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள்.
4. ரிப்போர்ட் வந்தது. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. கீழே மருந்துப் பெயர்கள். எதிரே ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட்... அதாவது, வேலைக்கு ஆகாது.
5. மிஞ்சியது கொலிஸ்டின். பழைய மருந்து. கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தது.

லாரியிடம் தப்பியவர், கண்ணுக்கே தெரியாத ஒன்றிடம் மாட்டிக்கொண்டார்.

நான் பயோடெக்னாலஜி படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை. போதாதா? குடும்பத்தில் நான் பாதி டாக்டர். மாமாவின் மனைவி — என் அத்தை — ரிப்போர்ட்டை என் கையில் திணித்தார்.

“இன்னாடி எழுதிக்கீது? இந்தக் கிருமி எங்கர்ந்து வந்துச்சு?”

“ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கும் அத்தை.”

“நோவுக்குப் பாக்க வந்தா, இவங்களே ஒண்ணு சேத்துக் குடுக்குறாங்களா? நல்லா கீதுடி கதை!”

இந்தக் கிருமி நம்மைப் போல நடமாடுகிறவர்களைப் பெரும்பாலும் சீண்டாது. தொண்டையில் குழாயோடு படுத்திருப்பவர்தான் அதற்கு வசதி. கட்டில் கம்பி, திரைச்சீலை, ஸ்டெதாஸ்கோப் — காய்ந்த இடத்திலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குப் போக அதற்குத் தேவை ஒரு கைதான்.

“புதுசா மருந்து ஒண்ணும் கண்டுபுடிக்கலியா?”

தேடுகிறார்கள் என்றேன். பாக்டீரியாவை மட்டும் அழிக்கும் வைரஸ்கள் உண்டு. பெயர் ஃபேஜ். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைச் சாக்கடைத் தண்ணீரில்கூடத் தேடி எடுக்கிறார்கள்.

“சாக்கடையா? எங்க தெருவாண்ட ஆறா ஓடுது. குடம் குடமா மோந்துகினு போகச் சொல்லு!”

அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். அதுவும் பாதியில் நின்றது. ஒரு ஃபேஜ் எல்லா அசினெட்டோபாக்டரையும் அழிக்காது. இந்த நோயாளியின் கிருமிக்கு எது பொருந்தும் என்று தேட வேண்டும். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. கீழே மெடிக்கலில் கிடைக்காது.

டாக்டர் நேராகச் சொன்னார். “கொலிஸ்டின்தான் இருக்கு. கிட்னியைப் பாத்துக்கிட்டே குடுப்போம்.” அத்தை கையெழுத்துப் போட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். அப்போதுதான் அந்த பாஸைக் கவனித்தேன்.

நோயாளியைப் ‘போய்ப் பார்த்துட்டு வர்றது’ நமக்குக் கடமை, இல்லையா? போகாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுக்க மாட்டார்கள். ஐ.சி.யூ.வுக்கோ ஒரே பாஸ்தான், லேமினேட் செய்தது. ஒருவர் உள்ளே போவார், பாஸை மெத்தைமேல் வைப்பார், மாமாவின் கன்னத்தைத் தடவுவார், விபூதி பூசுவார், வெளியே வந்து அடுத்தவரிடம் நீட்டுவார். சித்தி ஒருவர் பையைத் தோளில் மாட்ட, பாஸைப் பல்லில் கடித்துக்கொண்டார். சுவரில் சானிடைசர் பாட்டில் — சாமி படம் மாதிரி, யாரும் தொடவில்லை.

கிருமி இந்த பாஸ் வழியாகத்தான் வந்ததா? யாராலும் சொல்ல முடியாது. எங்களோடு வராந்தாவில் நின்ற நர்ஸ் சொன்னார்: “எங்க கையாலயும் வந்திருக்கலாம்மா. கழுவினீங்களான்னு எங்களையும் கேளுங்க. கோச்சுக்க மாட்டோம்.”

“அத்தை, இனிமே யாரும் உள்ள போக வேணாம்.”

“எங்க அண்ணன் பூந்தமல்லிலேர்ந்து வந்துகினு கீறாரு. அவராண்ட இன்னான்னு சொல்ல? உன் கை அழுக்குன்னா?”

நாம் பாசத்தைக் கையால்தான் காட்டுகிறோம். கையைக் கழுவச் சொன்னால், பாசத்தையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடுகிறது.

அண்ணன் வந்தார், ஆப்பிள் பையோடு. அத்தை பாஸை சானிடைசரால் துடைத்தார். பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார். கதவை மறித்து நின்றார்.

“உள்ள வேணாம்ண்ணே.”

“நான் இன்னா வெளியாளா?”

“வெளியாளா இருந்தா சொல்ல பயந்திருப்பேன். நீ எங்கண்ணன், அதான் சொல்றேன். அவரு எழுந்து ஊட்டுக்கு வரட்டும். கறி ஆக்கிப் போடறேன், வா.”

“ஓகோ... இப்பவே கழட்டி உடுறியா? நல்லாரு!”

ஆப்பிளையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார். அத்தை அழவில்லை. சோப்பு எங்கே இருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டார்.

இதை எழுதும்போது நிலைமை: காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கிட்னி படும் பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. மருந்து தொடர்கிறது. அடுத்த கல்ச்சர் ரிப்போர்ட் வரவில்லை. அத்தையின் அண்ணன் போனை எடுக்கவில்லை.